உறை போட்ட திமிங்கலம்

அன்புப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். கடிதம் என்றால் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நலமாக இருக்கிறோம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலை பார்க்கும் இடத்தில் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் சந்தேகம்தான், உன் வாய் யாருடைய வாய் என்று எனக்குத் தெரியாதா. போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உங்கள் அம்மா என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது? இப்போது மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் எழுத இடமில்லை, முழுக்க உன் கார்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறாள், எதையும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. அதனால் தையல் மெஷின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது நீ லீவு போட்டு ஓடிவந்தாய், இருக்க முடிந்தவரை இருந்தாய். நீ கிளம்பிப் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்பதை நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. கால் தேறிவிட்டது, பேச்சு தெளிந்துவிட்டது, கை மட்டும் மடியில் கிடந்தது. தைக்க வாங்கி வெட்டி வைத்து முடிக்காமல் போன துணிகளை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். ஒரு கோட்டுக்குக் காலர் மட்டும்தான் பாக்கி, அதை மடித்துப் பையில் வைக்கும்போது பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஷின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை. எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா, என்னைத் திட்டவே இல்லை. ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டுப் பார்த்தேன். கிரீஸ் படிந்த சட்டையோடு சோபாவில் சாய்ந்து பார்த்தேன். ஒரு வார்த்தை கிடையாது. ஊரிலுள்ள லிப்ட்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவனுக்கு வீட்டில் ஒரு ஆள் நடுவில் நின்றுபோனால் எந்த ஸ்குருவைத் திருப்புவது என்று தெரியவில்லை.

கைப்பயிற்சி கொடுக்க வருகிற பெண் தங்கமான பெண். அவள் என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, "இந்தக் கொஞ்ச மாசம்தான் சார் முக்கியம், இப்ப அந்த விரலுக்கு வேலை குடுக்கலைன்னா அது சும்மா இருக்கவே பழகிடும், அப்புறம் நான் வந்து பிரயோஜனமில்ல" என்றாள். உருட்டுவதற்கு மாவு மாதிரி ஒரு பிசின் உருண்டையும் எடுத்து எடுத்துப் போடுவதற்குத் துணி மாட்டுகிற கிளிப்பும் கொடுத்திருந்தாள். அம்மா அதைத் தொடவில்லை. "கத்திரி புடிச்ச கைக்கு இந்தச் சின்னப்புள்ள விளையாட்டா" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைத்தான் அன்றைக்கு உனக்குப் போன் போட்டுப் புலம்பினேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கட்டிலுக்கு அடியில என் கார்டுப் பெட்டி இருக்குல்லப்பா, அதை எடுங்க. நீங்க ரெண்டு பேரும் அதுலேருந்து கார்டு பொறுக்கி ஆளுக்கொரு டெக் கட்டுங்க, ஞாயித்துக்கிழமை வீடியோவுல என்கூட ஆடணும். பயிற்சின்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க" என்றாய். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். பெண்டாட்டி கை போய்க் கிடக்கிறாள், இவள் டிராகன் படம் போட்ட கார்டு ஆடச் சொல்கிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் வேறு வழி தெரியாமல் பெட்டியை இழுத்து, தூசி தட்டி, மேசை மேல் கொட்டினேன். அம்மாடி, எத்தனை கார்டு! நீ படித்தாயா, இதையே சேர்த்துக்கொண்டிருந்தாயா?

நான் எனக்குத் தோன்றியபடி பிரித்து அடுக்க ஆரம்பித்தேன். அதில் நீலத்துக்குள்ளேயே நாலு நீலம் இருக்கிறது, எனக்கு எல்லாம் ஒன்றுதான். தண்ணீர் குடிக்க வந்த உங்கள் அம்மா கதவு நிலையிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து, "ஏங்க, அது பச்சைங்க. நீலத்தோட கொண்டு போய்ச் சொருகுறீங்களே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றாள். பாப்பா, எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னைத் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு பச்சையையும் நீலத்தில் வைத்தேன். தள்ளி உட்காருங்கள் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் டெக் கட்டிய கதையைச் சொல்கிறேன், உனக்கே பாடம் எடுக்கிறேன் என்று சிரிக்காதே. நாற்பது கார்டுதான் வைக்கலாம், ஒரே கார்டு மூன்றுக்கு மேல் கூடாது என்று நீ அனுப்பிய விதியை முதலில் படித்தேன். ஒவ்வொரு மிருகத்தையும் இறக்குவதற்குக் கார்டின் மூலையில் ஓர் எண் போட்டிருக்கிறது, அத்தனை மின்னல் கார்டு நம் முன்னால் இருந்தால்தான் அது இறங்கும், அதுவும் ஒரு முறைக்கு ஒரு மின்னல்தான் வைக்கலாம். உங்கள் ஆட்கள் அந்த மின்னல் கார்டுக்கு என்ன பெயர் சொல்வார்களோ, இந்த வீட்டில் அதற்குக் கரண்ட் என்று பெயர். நான் என்ன செய்தேன், பெட்டியில் இருந்த மிருகங்களிலேயே மலை மாதிரி இருப்பதையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டேன், கரண்ட்டுக்கு இடமில்லை, போனால் போகிறது என்று ஏழெட்டு மட்டும் சேர்த்தேன். இத்தனை வருஷம் லிப்ட் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவன், இவ்வளவு பாரத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று யோசித்தேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னைத் துவைத்துக் காயப்போட்டதற்குக் காரணம் அதுதான். என் கையில் அத்தனை ராட்சசர்களும் நின்றார்கள், ஒருத்தனும் கீழே இறங்கவில்லை.

உங்கள் அம்மா செய்த தப்பு வேறு மாதிரி. கரண்ட் எல்லாம் ஒழுங்காக வைத்தாள், சின்னது பெரியது எல்லாம் அளவாகத்தான் எடுத்தாள், நீலமும் சாம்பலும் சேர்த்து ஒரு கட்டு, பார்க்க அவ்வளவு லட்சணம். ஆனால் பெட்டியில் பளபளவென்று ஜிகினா ஓடிய கார்டு வருகிறபோதெல்லாம் அதை இடது கையால் எடுத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வைத்து மடித்துத் தனியாக ஒதுக்கினாள். ஏன் என்று கேட்டேன். "இது புள்ளையோட நல்ல கார்டுங்க, நாம எடுத்துப் பழகி மூலை கசங்கிட்டா? அவ வர்றப்ப அப்படியே இருக்கணும்" என்றாள். ஆக நல்லது எல்லாம் துணி மூட்டைக்குள், மிச்சம் மீதியை வைத்து ஆட்டம். அன்றைக்கு நீ போனில், அந்த ஜிகினா கார்டுகளில் இருந்த நீலத் திமிங்கலத்தை ஏன் வைக்கவில்லை, அது இல்லாமல் நீலம் ஜெயிக்காதே என்று கேட்டாய், அவள் பத்திரமாக இருக்கிறது என்றாள். நீ, "அம்மா, அதை ஆடறதுக்குத்தாம்மா வாங்கினேன், கசங்கினா கசங்கட்டும்" என்றாய். போனை வைத்த பிறகு என்னிடம், கசங்கட்டும் என்று சொல்ல இவளுக்கு எப்படி மனசு வருகிறது, அவள் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டது நானா அவளா என்று பொரிந்தாள். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் சட்டைக்கு நல்ல துணியும் அவளுடையதற்கு வெட்டி மிஞ்சின துணியும் என்றுதான் இந்த வீட்டில் நடந்தது, அந்தப் பழக்கம் கார்டில் மட்டும் மாறிவிடுமா?

இரண்டு மூன்று ஞாயிறு அப்படியே தோற்றாள். தோற்பது அவளுக்குப் பிடிக்காது, ஆனால் மூட்டையையும் பிரிக்க மாட்டாள். அத்தோடு கார்டை இறக்குவதும் எடுப்பதும் எல்லாம் இடது கையால்தான், வலது கை பழையபடி மடியில். கைப்பயிற்சிப் பெண் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சரி, இதுவும் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் நீ கார்டு விற்கிற கடை ஒன்று இருக்கும், அங்கே போய் ஆட்டத்துக்கு யோசனை கேளுங்கள் என்றாய். கண்ணாடிக் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி இருக்கிறது அந்தக் கடை, எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையை நடத்துகிற பெண் அம்மாவின் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கே, ஸ்லீவ் போடலையா என்று கேட்டாள். சட்டைக்குத்தான் ஸ்லீவ் வைப்பார்கள் என்று தெரியும், கார்டுக்கு என்னம்மா என்றாள் நம் வீட்டுத் தையல்காரி. அந்தப் பெண் ஒரு கார்டை எடுத்து, கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு உறைக்குள் செருகிக் காட்டினாள். பின்பக்கம் நீலம், முன்பக்கம் படம் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் அம்மா அதை வாங்கி மூலையைத் தடவிப் பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கசங்காதா என்று கேட்டாள். காபி கொட்டினாலும் துடைத்துவிட்டு ஆடலாம் என்றாள் கடைக்காரப் பெண். அவ்வளவுதான், ஒரு கட்டு உறை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வரைக்கும் பையை என்னிடம் கொடுக்கவே இல்லை.

உறை போடுவது எவ்வளவு நச்சு வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு கை உறையின் வாயைத் திறந்து பிடிக்க வேண்டும், இன்னொரு கை கார்டை நேராக உள்ளே விட வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் மூலை மடங்கும். நான் போட்டுக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தேன். முதல் கார்டிலேயே என் தடி விரல் மூலையை நசுக்கிவிட்டது. "குடுங்க இப்படி, ஸ்பேனர் புடிக்கிற கையால இதெல்லாம் தொடாதீங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கியது இடது கை. ஆனால் ஒரு கையால் அந்த வேலை நடக்காது பாப்பா, அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி மேசை மேல் வைத்தாள். கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் உறையைச் செருகினாள். அது நழுவி விழுந்தது. திரும்பச் செருகினாள். விழுந்தது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் உறைக்குள் ஒரு சின்ன மீன் இருக்கிறது, அவள் நெற்றியெல்லாம் வியர்வை. அன்று சாயங்காலம் முழுக்க அதே வேலை. பாதிக் கட்டு முடிந்ததும் தானாகவே எழுந்து போய் வெள்ளைத் துணி மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். திமிங்கலத்தை எடுத்து அதற்கும் உறை போட்டாள். அதற்கு இடம் வேண்டும் என்று ஒரு சோப்ளாங்கி நண்டை எடுத்துக் கட்டுக்கு வெளியே தள்ளினாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கடையில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று ஒரு மேசை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகலாமா என்று அவளே கேட்டாள். உடம்பு முடியாமல் போன பிறகு அவள் நாலு பேர் இருக்கிற இடத்துக்கு வந்தது அதுதான் முதல். எதிரில் உட்கார்ந்தவர் அந்தத் தெரு முனையில் பல் வைத்தியம் பார்க்கிற டாக்டர், நம் வயதுக்காரர், அவரும் புதுசு, விதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். ஆட்டம் சூடு பிடித்தது, கரண்ட் சேர்ந்தது, திமிங்கலத்தை இறக்க வேண்டிய நேரம் வந்தது. இடது கையில் கார்டு விரித்துப் பிடித்திருக்கிறாள், அதனால் வலது கையால்தான் எடுக்க வேண்டும். எடுத்தாள். பாதி வழியில் நழுவித் தரையில் போய்த் தட்டையாகப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த மூன்று பேரும் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். "விடுங்க. நானே எடுத்துக்குறேன்" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோரும் நிமிர்ந்துவிட்டோம். வழவழ தரையில் தட்டையாகக் கிடக்கிற கார்டை நல்ல கை உள்ளவனே நகத்தால் நெம்பித்தான் எடுக்க முடியும். இவள் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்து, வலது கை விரலால் அதைத் தள்ளிக்கொண்டே போனாள். மேசைக் கால் வரைக்கும் தள்ளி, அதில் முட்டி ஓரம் கொஞ்சம் தூக்கியதும் பிடித்துவிட்டாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் தன் கார்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்த மனுஷனை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். திமிங்கலம் மேசைக்கு வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஒரு சின்னக் கார்டை வைத்து, "மன்னிச்சுக்குங்கம்மா, இது வந்துச்சுன்னா திமிங்கலம் திரும்பக் கைக்குப் போயிடணும்" என்றார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த முறை அதே கையால் மறுபடியும் எடுத்து வைத்தாள், விழவில்லை. கடைசியில் தோற்றுத்தான் போனாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் ஒரே பேச்சு. கரண்ட் ஒன்று கூட்ட வேண்டும், அந்த டாக்டர் வைத்த சின்னக் கார்டு நம் பெட்டியில் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தவள், திடீரென்று நின்று, "அவர் எனக்கு விட்டுக் குடுக்கலை பார்த்தீங்களா" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். நான் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லி நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன். என் செருப்புக்கு வாரே கிடையாது, அவள் கவனித்தாளோ என்னவோ, கேட்கவில்லை.

உனக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வதா என்று நம் வீட்டில் யாரும் சொல்லிப் பழகவில்லை, எனக்கு எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நீ பணம் அனுப்பினாய், மருந்து அனுப்பினாய், அதெல்லாம் சரி. நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தோன்றாத ஒன்று அவ்வளவு தூரத்தில் இருந்த உனக்குத் தோன்றியதே, அதற்குத்தான் நன்றி. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஊசியில் நூல் கோக்க இன்னும் முடியவில்லை. கார்டு வைக்க ஒரு பை தைக்கிறேன் என்று மெஷினைத் திறந்தாள், கத்திரி முழுசாக மூடவில்லை, துணியைச் சுருட்டி மூலையில் வீசிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் விரிப்பைத் திரும்பப் போட்டு மூடச் சொல்லவில்லை. கைப்பயிற்சிப் பெண் இப்போது கிளிப்பைக் கொண்டுவருவதில்லை, வந்ததும் அம்மாவோடு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போகிறாள், விரல் வழிக்கு வருகிறது, மெதுவாகத்தான் வரும், விடாமல் செய்யட்டும் என்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னையே தோற்கடித்தாளே, அன்றைக்கு முழுக்க வீட்டில் அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், அதைப் பார்த்ததே எனக்குப் போதும். உன் அத்தைதான் யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, இந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் கடையில் போய்ச் சீட்டு ஆடுகிறீர்களாமே என்று போன் போட்டுப் பிடித்துக்கொண்டாள். வா, உனக்கும் ஒரு டெக் கட்டித் தருகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள், வந்தாலும் வருவாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உன் கட்டிடத்து லிப்ட் மாடிக்கு மாடி ஒரு குலுக்குக் குலுக்குகிறது என்று சொன்னாயே, அது சும்மா விடுகிற விஷயமில்லை, பராமரிப்பு ஆளிடம் எழுதிக் கொடு, மறந்துவிடாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கேயே முடித்திருப்பேன். அம்மா எழுந்துவிட்டாள், பின்னால் நின்று தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. முழுதும் படித்துவிட்டுப் பேனாவைக் கொடு என்கிறாள். இதோ கொடுக்கப் போகிறேன். இதற்குக் கீழே இருப்பது என் எழுத்தில்லை. வலது கையால்தான் எழுதுவாளாம்.

அன்புடன்,
அப்பா

பாப்பா, எழுத்து கோணல்தான், படிச்சுக்கோ. போன ஞாயித்துக்கிழமை நீ வேணும்னே தோத்தது எனக்குத் தெரியும். இந்த வாரம் ஒழுங்கா ஆடு.
அம்மா